குட்டியோடு மாமல்லபுரம்: எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது, எப்போது திரும்புவது?

"குழந்தை கொஞ்சம் பெருசாகட்டும், அப்புறம் போகலாம்." சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளில் இந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. ஒரு வயதில், 'ஓடிப் பிடிக்க ஆள் வேணும்'. இரண்டு வயதில், 'இன்னும் டயப்பரை விடலை'. மூன்று வயதில், 'ஹோட்டலுக்குப் போனா ஒரு வாய்கூட வாங்க மாட்டேங்குது'. அதற்குள் எல்.கே.ஜி. அட்மிஷன் வந்துவிடுகிறது. இப்படித் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதில் குழந்தையைவிட அதிகமாக வீட்டுக்குள் அடைபடுவது அதன் அம்மாதான்.

என் அக்கா மகளுக்கு மூன்று வயது. இந்த மூன்று வருடத்தில் அக்கா வெளியே போனதெல்லாம் தடுப்பூசிக்கு, காதுகுத்துக்கு, சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு. கல்யாணப் பந்தியிலும் மடியில் குழந்தை, இலையில் ஆறிப்போன சாதம். "கடைசியா எப்போ சூடா சாப்பிட்டேன்னே ஞாபகம் இல்லடி" என்று ஒருநாள் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அதனால் இந்த டிரிப்புக்கு நாங்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. எத்தனை சிற்பம் பார்த்தோம் என்ற கணக்கு வேண்டாம். காலையும் மதியமும் அக்கா சூடாகச் சாப்பிட வேண்டும். அக்கா, அவள் கணவர் (நான் மாமா என்று கூப்பிடுவேன்), குட்டி, அம்மா, நான் என ஐந்து பேர் ஒரு காரில் கிளம்பினோம்.

ஏன் மாமல்லபுரம்?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். சின்னக் குழந்தை காரில் பொறுமையாக உட்காரும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன. 'போதும், கிளம்பலாம்' என்று எந்த நிமிடத்திலும் முடிவெடுக்க முடியும். குழந்தையோடு போகும் ஊருக்கு இதுதான் முதல் தகுதி.

1984-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்த ஊர் இது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தபோது உலகமே டி.வி-யில் பார்த்தது. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு வேண்டியது இந்தப் பெருமை எதுவும் இல்லை. யானை, பூனை, குரங்கு, சறுக்கு, மணல். ஐந்துமே இங்கே இருக்கின்றன.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு: திருவான்மியூர் வழியாக மாமல்லபுரத்துக்கு மாநகரப் பேருந்துகள் ஓடுகின்றன. அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. பைக்கில் போகலாம் என்று யோசிப்பவர்களுக்கு: நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு குழந்தையைப் பிணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டும் கட்டாயம். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மத்திய அரசு 2022-ல் கொண்டுவந்த விதி இது. ஈ.சி.ஆரில் கார்கள் பறக்கிற வேகத்தைப் பார்த்தால், குழந்தையோடு பஸ்ஸே நிம்மதி.

காலை 7.30: முதலில் இட்லி

ஆறு மணிக்கு வேளச்சேரியிலிருந்து கிளம்பினோம். குட்டியைத் தூக்கத்திலேயே தூக்கிப் பின்சீட்டில் அவளுடைய சீட்டில் உட்கார வைத்தாயிற்று. கோவளம் தாண்டும்போது கண்ணைத் திறந்து, "ஆயா, கடல் எங்க?" என்றாள். அம்மா கை காட்டிய பக்கம் சவுக்கு மரங்கள்தான் தெரிந்தன.

ஊருக்குள் நுழைந்ததும் சிற்பம் பக்கம் போகாமல் நேராக டிபன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியிலும் சைவ ஹோட்டல்கள் இருக்கின்றன. ஏழரை மணிக்குப் போனால் இரண்டு லாபம். கூட்டம் இருக்காது, இட்லி முதல் ஈடாக இருக்கும். பசியோடு இருக்கும் குழந்தையிடம் பல்லவர் வரலாறு எடுபடாது.

சாப்பிட உட்காரும்போது நாங்கள் கடைப்பிடித்தவை இவை:

குழந்தைக்கு வேண்டியதை முதலில், தனியாக ஆர்டர் செய்தோம். எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னால் பெரியவர்களின் நெய் ரோஸ்ட்டுக்காகக் குழந்தையின் இட்லியும் காத்திருக்கும்.

இட்லிமேல் பொடியோ சாம்பாரோ ஊற்றாமல், எல்லாவற்றையும் கிண்ணத்தில் கேட்டோம். ஹோட்டல் சாம்பார் காரம் குழந்தைக்கு ஆகவில்லை என்றால் சர்க்கரையும் நெய்யும் போதும். ஒருநாள் சர்க்கரை தொட்டு இட்லி சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

சுவர் ஓரத்து மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தோம். குழந்தை உள்பக்கம். வெளிப்பக்கம் இருந்தால், சூடான காபியோடு வருகிறவர் வழியில் அதன் கை நீளும்.

மாமா ஊட்டினார். இரண்டு இட்லியில் ஒன்றரை உள்ளே போனது, அரை இட்லி சட்டையில். அந்த நேரத்தில் அக்காவின் பொங்கலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. முதல் வேளை பாஸ்.

அர்ஜுனன் தபசை மூன்றடி உயரத்திலிருந்து பாருங்கள்

கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளப் பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். பெரியவர்கள் வழக்கமாக மேலே பார்ப்போம். ஒற்றைக் காலில் தவம் செய்பவர் அர்ஜுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று இன்றுவரை பேச்சு நடக்கிறது. குட்டியின் கண் போனது கீழே. பெரிய யானையின் காலடியில் குட்டி யானைகள். "அம்மா யானை கால்ல பாப்பா ஒளிஞ்சிருக்கு" என்றாள்.

அங்கிருந்து தேடல் விளையாட்டு ஆரம்பித்தது. யானைக்குப் பக்கத்திலேயே முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு சாமியார்போல் நிற்கும் பூனை, அதைச் சுற்றி எலிகள். தவம் செய்கிற பூனை எலியைத் தின்னாது என்று நம்பி வந்த எலிகளின் கதையைச் சொல்லிக் கொடுங்கள், பத்து நிமிடம் ஓடும். இடப்பக்கம் கீழே ஒரு மான், பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. குட்டி தானும் அப்படிச் செய்துபார்த்துக் கீழே விழுந்தாள்.

பக்கத்தில் இருக்கும் கிருஷ்ண மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். உள்ளே ஒருவர் பால் கறக்கிறார், பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. மண்டபத் தூண்கள் பிற்காலத்தில் கட்டப்பட்டவை, சிற்பம் பல்லவர் காலத்தது. நிழல் இருப்பதால் தண்ணீர் குடிக்க நல்ல இடம். அருகிலேயே தனிக்கல்லில் செதுக்கிய குரங்குக் குடும்பம் ஒன்றும் உண்டு. ஒன்று பேன் பார்க்க, இன்னொன்று குட்டிக்குப் பால் கொடுக்கிறது. அக்கா அதன்முன் கொஞ்ச நேரம் நின்றாள். "இதுக்காவது முதுகுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கு" என்றாள். மாமா சட்டென்று போனில் எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

வெண்ணெய் உருண்டை: வெயில் ஏறும் முன்

சரிவில் உருண்டுவிடுவதுபோல் நிற்கும் அந்தப் பாறையின் எடை சுமார் 250 டன் என்கிறார்கள். குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய விஷயம், பாறை நிற்கும் வழுவழுப்பான சரிவு. அதுதான் ஊர்ப் பிள்ளைகளின் சறுக்கு. மேலேயிருந்து விட வேண்டாம். ஆளுயரத்திலிருந்து, கீழே ஒருவர் கை நீட்டி நின்றால் போதும். பழைய பேன்ட் போட்டுவிடுங்கள், பின்பக்கம் தேய்ந்துவிடும்.

பத்து மணிக்குமேல் இந்தக் கருங்கல் சுட ஆரம்பிக்கும். அதனால் ஒன்பதரைக்குள் இங்கிருந்து நகர்ந்துவிடுவது நல்லது.

தொல்லியல் துறையின் டிக்கெட் பெரியவர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் அதே டிக்கெட்தான். வெவ்வேறு நேரத்தில் போவதாக இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஐந்து ரதமும் தூங்கானையும்

ஒவ்வொன்றும் ஒரே கல்லில் குடைந்தது, ஏழாம் நூற்றாண்டு, முற்றுப்பெறாதவை என்று கைடுகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குட்டி ஓடிவிட்டாள். இங்கே முழு உருவத்தில் ஒரு யானை, ஒரு சிங்கம், ஒரு நந்தி நிற்கின்றன. யானை பக்கத்தில் இருக்கும் நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம், படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். இந்த அமைப்புக்குத் தமிழில் 'தூங்கானை மாடம்' என்றே பெயர். "நிக்கிற யானை இது, தூங்குற யானை அது" என்று சொன்னேன். "ஷ்ஷ்" என்று உதட்டில் விரல் வைத்துக்கொண்டு ரதத்தைச் சுற்றி நடந்தாள். அவளோடு வந்தவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் நடக்க வேண்டியதாயிற்று.

தரை மணல். தள்ளுவண்டி உருளாது. தூக்கிக்கொண்டு நடக்கும் துணிப்பை இருந்தால் அதைக் கொண்டுபோங்கள். வெளியே இளநீர்க்காரர்கள் இருப்பார்கள். ஏப்ரல், மே என்றால் நுங்கும் கிடைக்கும். வழுக்கையை ஸ்பூனால் ஊட்டினால் பெரும்பாலான குழந்தைகள் மறுப்பதில்லை. நுங்கைச் சின்னச் சின்னதாக நசுக்கிக் கொடுங்கள்.

மதியச் சாப்பாடு: யார் எழுந்து போவது?

பதினொன்றரைக்கே காரில் வைத்துக் குட்டிக்கு வீட்டுத் தயிர்சாதம் கொடுத்தாயிற்று. ஹோட்டல் சாப்பாடு வந்து அதன்பிறகு குழந்தை சாப்பிட்டால் போதும் என்று இருப்பதுதான் பாதி அழுகைக்குக் காரணம். பசி தீர்ந்த குழந்தைக்கு அப்பளம் போதும்.

ஆனாலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. நாங்கள் போன ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இருபது நிமிடம் நின்றோம். குழந்தை மடியில்தான் உட்காரும் என்று சொல்லியும், "சேர் போட்டா ஒரு மீல்ஸ் கணக்குங்க" என்றார்கள். குழந்தைகளுக்கான உயர நாற்காலி இல்லை. இலை போட்டு, பொரியல் வைத்து, சாதம் வரும் நேரத்தில் குட்டிக்குத் தூக்கம் வந்துவிட்டது. அதாவது, அழுகை வந்துவிட்டது. சுற்றியிருந்த எல்லா மேஜையும் திரும்பிப் பார்த்தது.

அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். அதில் யோசனை எதுவும் இல்லை. மூன்று வருடப் பழக்கம், கால் தானாக எழுந்துவிடுகிறது. மாமா அவள் தோளைத் தொட்டு, "நீ உட்காரு, நான் பாத்துக்கறேன்" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அக்கா உட்கார்ந்தாள். ஆனால் சாப்பிடவில்லை. கண் வாசலிலேயே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே குட்டியின் அழுகை கேட்டது. பக்கத்து மேஜையில் இருந்த ஒரு வயதான அம்மா, தன் வீட்டாரிடம் சொல்வதுபோல், எங்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "புள்ள வெளியில அழுவுது, ஆத்தாக்காரி உள்ள சாப்பிடறா."

வெளியே போய்ச் சாப்பிடுவதில் தாய்மார்களுக்கு இருக்கும் தடை ஹோட்டல் காரமோ, நாற்காலியோ மட்டும் இல்லை என்பது அந்த ஒரு வார்த்தையில் தெரிந்தது. அப்பா பசியோடு வெளியே நின்றால் 'நல்ல மனுஷன்'. அம்மா உள்ளே சாப்பிட்டால் 'ஆத்தாக்காரி'.

எங்கள் அம்மா திரும்பி அந்த அம்மாவைப் பார்த்து, "அவங்க அப்பாகிட்டதாங்க இருக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு அக்காவிடம், "சாதத்தைப் பிசைடி, ஆறுது" என்றார். அக்கா சாம்பாரைப் பிசைந்தாள். வத்தக்குழம்புக்குப் போனாள். வெளியே அழுகை எப்போது நின்றது என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை. ரசம் கொண்டுவந்தவரிடம் அக்கா, "அண்ணே, இன்னொரு கரண்டி" என்றாள்.

நாங்கள் முடித்ததும் நான் போய்க் குட்டியை வாங்கிக்கொண்டேன். தோளில் தூங்கிப்போயிருந்தாள். மாமா உள்ளே வந்து தனியாகச் சாப்பிட்டார். அவருக்குப் பாயசம் தீர்ந்துபோயிருந்தது.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரைப் பக்கமும் ஒத்தவாடைத் தெருவிலும் மீன் வறுவல் பிரமாதமாகக் கிடைக்கும். குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் மசாலா தடவாத துண்டு ஒன்றைத் தனியாகப் பொரிக்கச் சொல்லுங்கள். முள்ளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஊட்டுங்கள்.

ஒரு மணி முதல் மூன்றரை: எதுவும் பார்க்காதீர்கள்

இந்த நேரத்தில் சிற்பம் பார்க்கப் போவது குழந்தைக்கும் உங்களுக்கும் தண்டனை. நாங்கள் லாட்ஜில் சில மணி நேரத்துக்கு ஓர் அறை எடுத்தோம். செலவுதான். ஆனால் குழந்தை தூங்க, டயப்பர் மாற்ற, பெரியவர்கள் காலை நீட்ட, சுத்தமான பாத்ரூம் போக என எல்லாம் அதில் அடங்கிவிடுகிறது. பாட்டி, தாத்தாவோடு போகிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு இந்த அறை இன்னும் அவசியம். தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015-ல் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். சிற்பங்களைச் சுற்றி நாங்கள் நடந்த வழியில் அன்று அப்படி ஓர் அறை கண்ணில் படவில்லை. ஒரு குரங்குக்குக் குட்டியோடு நிம்மதியாக உட்கார ஆயிரத்து முந்நூறு வருடம் முன்பே இடம் ஒதுக்கிய ஊர் இது. அம்மாக்களுக்கும் நான்கு சுவரும் ஒரு நாற்காலியும் ஒதுக்கலாம்.

கோயிலுக்குப் போக ஆசைப்படும் பெரியவர்கள், ஊர் நடுவே இருக்கும் தலசயனப் பெருமாள் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் அவதரித்த ஊர். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

மாலை: கோயிலும் கடலும்

நான்கு மணிக்குக் கடற்கரைக் கோயில். ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. ரதங்கள்போல் குடைந்ததல்ல, கற்களை அடுக்கிக் கட்டியது. சுற்றிலும் புல்வெளி. குழந்தையைக் கையைவிட்டு ஓட விடலாம். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.

அடுத்து கடற்கரை. இங்கே அலை இழுக்கும். பாதம் நனையும் வரை மட்டும், அதுவும் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு. மணலில் விளையாட வீட்டிலிருந்து ஒரு பழைய டம்ளரும் கரண்டியும் கொண்டுபோனால், பொம்மைக் கடையைத் தாண்டி வந்துவிடலாம். மாங்காய் பத்தை, சுண்டல் வாசனையெல்லாம் உங்களை இழுக்கும். மிளகாய்ப்பொடி தூவும் முன் குழந்தைக்கு ஒரு துண்டு எடுத்துவிடுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை

இரண்டு செட் துணி, ஒரு துண்டு. காய்ச்சி ஆறிய தண்ணீர், ஃபிளாஸ்கில் கொஞ்சம் வெந்நீர். தயிர்சாதம், வாழைப்பழம். பழகிய ஸ்பூனும் கிண்ணமும். தொப்பி. அழுக்குத் துணிக்கும் டயப்பருக்கும் தனிப் பை. குழந்தையின் சட்டைப் பாக்கெட்டில் உங்கள் போன் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டு.

எப்போது போகக் கூடாது?

காணும் பொங்கல், ஜனவரி 1 ஆகிய இரண்டு நாள்களும் சின்னக் குழந்தையோடு வேண்டவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா நடக்கும். வெயில் குறைவு, கூட்டம் அதிகம். முடிந்தால் வாரநாளில் லீவு போட்டுப் போங்கள். திரும்பும் வழியில் முதலைப் பண்ணையையும் சேர்க்க நினைத்தால் திங்கட்கிழமை விடுமுறை, முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு காரணம் வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின இரவு, பை கட்டும்போதே வீட்டில் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். மதியம் குழந்தை அழுதால் யார் எழுந்து போவது? அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், எந்த ஹோட்டலாக இருந்தாலும், எழுந்து போவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.